பழைய ஷூட்டர் விளையாட்டுகளும் உட்செவியின் கணக்கும்

ஆட்டக்காரரின் கண் இருக்கும் இடத்தில் கேமராவை நிறுத்தி, அவர் கையில் பிடித்திருக்கும் துப்பாக்கி மட்டும் திரையின் அடியில் தெரியும்படி வடிவமைக்கப்பட்ட கணினி விளையாட்டுகள் முதல் நபர் ஷூட்டர், சுருக்கமாக ஷூட்டர், என்று அழைக்கப்படுகின்றன. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட டூம், 1996-இல் வெளியிட்ட குவேக், வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப், 2004-இல் அடுத்தடுத்து வந்த டூம் 3, ஹாஃப்-லைஃப் 2 ஆகியவை இவ்வகையின் பெரும் படைப்புகள். மேசைமீது நிற்கும் ஒரு தட்டைத் திரையின் முன் ஒருவர் அசையாமல் அமர்ந்து, கீபோர்டையும் மவுசையும் கொண்டு ஆடுவார் என்ற எண்ணத்திலேயே இவை அனைத்தும் எழுதப்பட்டன. இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டி, தலை திரும்பும் திசையை அளந்து அதற்கேற்பக் காட்சியையும் திருப்பும் மெய்நிகர் உண்மை ஹெட்செட்டுக்கு அவற்றை மாற்றும்போது, படம் இரு கண்ணிலும் தெளிவாகத் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதிவிடுகின்றனர். அந்த நிலையில் ஆடத் தொடங்குவோரில் பலருக்குச் சில நிமிடங்களிலேயே வியர்வையும் தலைசுற்றலும் குமட்டலும் வருவதற்குக் காரணம், விளையாட்டின் எண்கள் இன்னும் மேசைத் திரைக்குரியவையாகவே இருப்பதுதான். அந்த எண்களை மனித உடலின் அளவுகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்துவதே இந்த அமைப்புப் பணியின் சாரம்.

இந்தப் பணிக்கும் இன்றைய ஹெட்செட்டுகளின் தோற்றத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2012 ஜூன் மாதம் நடந்த ஈ3 விளையாட்டுக் கண்காட்சியில், பாமர் லக்கி உருவாக்கிய ஒரு முன்மாதிரிக் கருவியை ஐடி நிறுவனத்தின் ஜான் கார்மேக் பார்வையாளர்களுக்குக் காட்டியபோது, அதில் ஓடியது எட்டாண்டுப் பழைய டூம் 3-இன் புதுப்பிக்கப்பட்ட வடிவமே. அதே ஆண்டு ஆகஸ்டில் லக்கியின் ஆக்குலஸ் நிறுவனம் பொதுமக்களிடமிருந்து 24 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அடுத்த ஆண்டு வந்த முதல் கருவியில் ஒரு கண்ணுக்கு 640×800 புள்ளிகளே இருந்தன. கார்மேக் இன்னொரு வகையிலும் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர். அவரது முனைப்பால் டூமின் மூல நிரல் 1997-இலும், குவேக்கினுடையது 1999-இலும், டூம் 3-இனுடையது 2011-இலும் வெளியிடப்பட்டன. நிரல் கையில் இருந்ததால்தான், பிற்காலத்தில் தன்னார்வலர்கள் அந்த விளையாட்டுகளின் கேமராவையும் கையையும் தனித்தனியே பிரித்து எழுத முடிந்தது. நிரல் திறக்கப்படாத எத்தனையோ நல்ல விளையாட்டுகள் அந்த வாய்ப்பின்றி நின்றுவிட்டதைப் பார்க்கும்போது, இந்த வெளியீடுகளின் மதிப்பு எவ்வளவு பெரியது என்பது புலனாகும்.

முதலில் சரிசெய்ய வேண்டியது பார்வைக் கோணம், அதாவது விளையாட்டின் கேமரா இடமிருந்து வலமாக எத்தனை பாகை பரப்பைப் படமெடுக்கிறது என்ற அளவு. குவேக்கில் இது 90 பாகை. ஹாஃப்-லைஃப் 2-இல் பழைய 4:3 திரைக்கு 75 பாகை. பத்தொன்பது அங்குலத் திரை ஒன்றை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பவரின் கண்ணில் அந்தத் திரை ஏறத்தாழ 35 பாகையையே அடைக்கிறது. எனவே 90 பாகை உலகம் 35 பாகைச் சட்டத்துக்குள் சுருங்கி நிற்கிறது. திரையைச் சுற்றிலும் அறையின் சுவரும் மேசையும் தெரிந்துகொண்டிருப்பதால் மூளை இதை ஒரு படமாகவே ஏற்று அமைதியாக இருந்துவிடுகிறது. ஹெட்செட்டில் சுவரும் இல்லை, மேசையும் இல்லை. ஆகவே கேமரா எடுக்கும் கோணமும் லென்ஸ் வழியாகக் கண்ணுக்குத் தெரியும் கோணமும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். 75 பாகைக்கு எடுத்த படத்தை 100 பாகை காட்டும் ஹெட்செட்டில் இழுத்து நிரப்பினால், 50 பாகையின் டான்ஜென்ட் மதிப்பாகிய 1.19-ஐ 37.5 பாகையின் மதிப்பாகிய 0.77-ஆல் வகுக்கக் கிடைக்கும் 1.55 மடங்கு, படத்தின் நடுப்பகுதி பெரிதாகிவிடும். அப்போது ஆட்டக்காரர் தலையை 10 பாகை திருப்பினால், கண்முன் உள்ள காட்சி ஏறத்தாழ 15 பாகை நகர்வதுபோல் தோன்றும். தலை திரும்பும்போது உலகம் வழுக்கிக்கொண்டு போவதுபோன்ற உணர்வு எழுவது இதனால்தான். இந்த எண் ரசனையைப் பொறுத்ததன்று. லென்ஸின் வடிவமே அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஹெட்செட்டின் மென்பொருள் தரும் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்வதே முறை.

காட்சி வழுக்கினால் வயிறு ஏன் புரள வேண்டும் என்ற கேள்விக்கு விடை உட்செவியில் இருக்கிறது. காதின் உட்பகுதியில் மூன்று திசைகளில் அமைந்த அரைவட்டக் குழல்கள் தலை சுழலும் முடுக்கத்தையும், அவற்றின் அருகே சுண்ணத் துகள்கள் பதிந்த இரு பைகள் நேர்க்கோட்டு முடுக்கத்தையும் சாய்வையும் உணர்கின்றன. சீரான வேகத்தை இவை உணர்வதில்லை. வேகம் கூடுவதையும் குறைவதையும் திரும்புவதையும் மட்டுமே உணர்கின்றன. கண் தரும் செய்தியும் இவை தரும் செய்தியும் முரண்படும்போது குமட்டல் தோன்றுகிறது என்ற விளக்கத்தை ஜேம்ஸ் ரீசனும் பிராண்டும் 1975-இல் வெளிவந்த தங்கள் நூலில் விரிவாக முன்வைத்தனர். நஞ்சு உண்டபோதும் இத்தகைய முரண் தோன்றும் என்பதால், உண்டதை வெளியேற்றும் தற்காப்பாகவே உடல் குமட்டலைத் தூண்டுகிறது என்பது 1977-இல் ட்ரைஸ்மன் என்பவர் முன்வைத்த கருதுகோள்.

சேர்வராயன் மலையில் வாழ்வோருக்கு இந்த முரண் புதிதன்று. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நேரே ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் மாற்றுச் சாலையும் வளைந்து வளைந்தே போகிறது. பேருந்தில் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு கொட்டச்சேட்டுக்கு ஏறும் பயணியின் கண், இருக்கையும் திரையும் அசையாமல் இருப்பதாகச் சொல்ல, செவியோ ஒவ்வொரு வளைவிலும் உடல் சுழல்வதாகச் சொல்கிறது. மெய்நிகர் உண்மையில் இதே முரண் தலைகீழாக நிகழ்கிறது: கண் ஓடுகிறது, செவி நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு மலையேறும் பயணிக்கு வாந்தி வரும் வளைவில் ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அடுத்து வண்டி எப்பக்கம் திரும்பும் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதுதான். ஆட்டக்காரர் விரும்பாத, எதிர்பாராத கேமரா அசைவு எதுவும் நிகழக் கூடாது என்ற விதியும் இங்கிருந்தே பிறக்கிறது. பழைய ஷூட்டர்களை அமைப்பதில் இதைவிட முக்கியமான விதி வேறில்லை.

அந்த விதியின்படி பார்த்தால், குவேக் போன்ற விளையாட்டுகளில் அணைக்க வேண்டியவை ஏராளம். ஆட்டக்காரர் ஓடும்போது கேமரா மேலும் கீழும் குலுங்குவது, பக்கவாட்டில் நகரும்போது அடிவானம் ஓரிரு பாகை சாய்வது, குண்டடி பட்டதும் பார்வை வெட்டி இழுப்பது, துப்பாக்கியின் உதைப்பில் காட்சி நிமிர்வது, இறந்ததும் கேமரா தரையில் கவிழ்வது ஆகிய அனைத்தும் தட்டைத் திரைக்கு உடலுணர்வைக் கொண்டுவருவதற்காகத் தொண்ணூறுகளின் வடிவமைப்பாளர்கள் கண்டுபிடித்த நல்ல உத்திகள். தலை உண்மையிலேயே அசையும் கருவியில் இவை அனைத்தும் பொய்ச் செய்திகளாகிவிடுகின்றன. குவேக்கில் எஸ்கேப் விசைக்குக் கீழுள்ள டில்டா விசையை அழுத்தினால் கட்டளைப் பலகை இறங்கும்; அங்கே குலுக்கம், சாய்வு, உதைப்பு ஆகியவற்றுக்குரிய மாறிகள் ஒவ்வொன்றையும் பூஜ்யமாக்கி, அதே வரிகளை விளையாட்டு தொடங்கும்போது தானாகப் படிக்கும் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால், ஒவ்வொரு முறையும் அவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கதை சொல்லும் வெட்டுக்காட்சிகளில் கேமராவை விளையாட்டே எடுத்துச் செல்லும் இடங்களுக்கு மட்டும் இவ்வளவு எளிய தீர்வு கிடையாது. அக்காட்சிகளை இருட்டறையில் தொங்கும் ஒரு தட்டைத் திரையில் காட்டுவதே நல்ல மோட்கள் கையாளும் வழி. மோட் என்பது, ஏற்கெனவே உள்ள விளையாட்டின்மேல் பிறர் எழுதிச் சேர்க்கும் மாற்றம்.

அடுத்து வருவது உலகின் அளவு. விளையாட்டுக்குள் மீட்டரும் அடியும் இல்லை. வெறும் அலகுகளே உள்ளன. குவேக்கில் ஆட்டக்காரரின் கண் தரையிலிருந்து 46 அலகு உயரத்தில் இருக்கிறது. அதை 160 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஓர் அலகு ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர் ஆகும். மனிதக் கண்மணிகளுக்கு இடையிலான சராசரித் தூரம் 63 மில்லிமீட்டர் என்பதால், இடக்கண் கேமராவுக்கும் வலக்கண் கேமராவுக்கும் இடையே 1.8 அலகு இடைவெளி இருக்க வேண்டும். இதை இரு மடங்காக்கினால் கோட்டைகளும் அரக்கர்களும் பாதி அளவில், கொலுப்படியில் வைத்த பொம்மைகளைப் போல் தோன்றும். பாதியாக்கினால் எல்லாம் இரு மடங்கு பெரிதாகத் தோன்றும். ஹாஃப்-லைஃப் 2-இல் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. அதன் எஞ்சினில், அதாவது உலகை இயக்கி வரையும் அடிப்படை நிரலில், கட்டடங்கள் ஓரடிக்கு 16 அலகு என்ற கணக்கிலும் மனித உருவங்கள் ஓரடிக்கு 12 அலகு என்ற கணக்கிலும் வரையப்பட்டவை. கண் உயரமான 64 அலகு, முதல் கணக்கில் 122 சென்டிமீட்டராகவும் இரண்டாவது கணக்கில் 163 சென்டிமீட்டராகவும் வருகிறது. தட்டைத் திரையில் ஒருவர் கண்ணிலும் படாத இந்த வேறுபாடு, ஹெட்செட்டில் பக்கத்தில் நிற்கும் மனிதரையும் அவர் பின்னாலுள்ள கதவையும் சேர்த்துப் பார்த்த கணத்தில் உறுத்தத் தொடங்கும். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒன்று பிசகும் என்பதால், மனித முகம் சரியாகத் தோன்றும் அளவைத் தேர்ந்து, கட்டடம் சற்றுப் பெரிதாக இருப்பதைப் பொறுத்துக்கொள்வதே மேல். மனிதரின் அளவில் கண் எளிதில் ஏமாறுவதில்லை.

அளவு தெரிந்தபின் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். குவேக்கில் ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 320 அலகு. அது மேற்கண்ட கணக்கில் நொடிக்கு 11 மீட்டருக்கு மேல், மணிக்கு 40 கிலோமீட்டர். உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது அவரது சராசரி வேகம் நொடிக்கு 10.4 மீட்டர்தான் என்பதை நினைத்தால், கனத்த ஆயுதங்களைச் சுமந்து குவேக்கின் வீரர் ஓடும் ஓட்டம் மனித ஓட்டமே அன்று என்பது விளங்கும். ஆனால் உட்செவி சீரான வேகத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் வேகம் மட்டுமே குற்றவாளி ஆகாது. விசையை அழுத்திய ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியில் குவேக்கின் வீரர் உச்ச வேகத்தை எட்டிவிடுகிறார். விசையை விட்டதும் நிற்பதற்கோ, உராய்வுக் கணக்கின்படி, அரை நொடி வழுக்குகிறார். குறுகிய முடுக்கத்தைவிட நீண்ட முடுக்கமே முரணைக் கூடுதல் நேரம் நீட்டிக்கிறது என்பதால், புறப்படுவதைக் காட்டிலும் நிற்பதே உடலுக்குக் கடினமாக அமைகிறது. இதற்காக உராய்வைக் கூட்டினால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடும் என்பது உண்மை. ஆனாலும் தனியாக ஆடும்போது உச்ச வேகத்தைப் பாதியாகக் குறைத்து, உராய்வைச் சற்றுக் கூட்டி வைப்பதில் தவறேதும் இல்லை.

திரும்புவதற்கும் இதே நியாயம் பொருந்தும். கைப்பிடியின் நெம்புகோலைத் தள்ளி உலகத்தைச் சீராகச் சுழற்றுவதற்குப் பதிலாக, 30 அல்லது 45 பாகை ஒரே கணத்தில் திரும்பும் அமைப்பை வைத்தால், நடுவே சுழலும் காட்சி இல்லாததால் கண்ணிடமிருந்து பொய்ச் செய்தி போவதில்லை. நகரும்போது பார்வையின் ஓரங்களை இருளச் செய்வது மற்றொரு வழி. பார்வையின் ஓரப்பகுதியே இயக்க உணர்வுக்குப் பெரிதும் காரணம் என்பதால் இது பயன் தருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பெர்னாண்டஸும் ஃபெய்னரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வைக் கோணத்தை இயக்கத்துக்கேற்ப மெல்லச் சுருக்கினால் அசௌகரியம் குறைகிறது என்றும், பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுருக்கத்தைக் கவனிக்கவே இல்லை என்றும் காட்டினர். பொறியியலைவிட மனிதப் புலனறிவே மெய்நிகர் உண்மையின் அடிப்படை என்ற இந்த அணுகுமுறை தமிழ்நாட்டுக்கும் அயலானதன்று. ஆக்குலஸ் நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கே அறிவியலாளராகப் பணியாற்றிய ஸ்டீவன் லவால், சென்னை ஐஐடியில் மெய்நிகர் உண்மை குறித்து நிகழ்த்திய விரிவுரைகள் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாக எவரும் இலவசமாகக் கேட்கும்படி கிடைக்கின்றன. அங்கே பேராசிரியர் எம். மணிவண்ணன் தலைமையில் தொடுவுணர்வும் மெய்நிகர் உலகமும் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன.

காலக் கணக்கும் கண்டிப்பானது. தலை திரும்பிய கணத்துக்கும் அதற்கேற்ற ஒளி கண்ணை வந்தடையும் கணத்துக்கும் இடையே 20 மில்லிநொடிக்கு மேல் கடக்கக் கூடாது என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட அளவு. நொடிக்கு 90 படம் காட்டும் ஹெட்செட்டில் ஒவ்வொரு படமும் 11.1 மில்லிநொடிக்குள் இரு கண்களுக்குமாக இருமுறை வரையப்பட்டு முடிந்திருக்க வேண்டும். ஆனால் டூமின் உலகம் நொடிக்கு 35 முறை மட்டுமே இயங்குகிறது. குவேக்கின் அரக்கர்கள் நொடிக்குப் பத்துத் தோற்றங்களில் அசைகிறார்கள். விளையாட்டின் கடிகாரத்தைக் கூட்டினால் குதிக்கும் உயரம் முதல் ஏவுகணையின் பாதை வரை எல்லாம் கெட்டுவிடும் என்பதால், கடிகாரத்தைத் தொடாமல் இரு நிலைகளுக்கு இடைப்பட்ட நிலையைக் கணித்து வரையும் புதிய எஞ்சின்களைப் பயன்படுத்துவதே சரி. டூமுக்கு இன்னொரு தடையும் உண்டு. அதன் மூல எஞ்சின் சுவர்களைச் செங்குத்துக் கோடுகளாகவே வரைவதால், தலையைச் சாய்க்கவோ அண்ணாந்து பார்க்கவோ அதில் இடமில்லை. மெய்ம்மையான முப்பரிமாண வரைவு கொண்ட ஜிஇசட்டூம் வழிவந்த எஞ்சின்களே அதற்கு உதவும். அவற்றிலும் அரக்கர்கள் அட்டைப் படங்களாகவே நிற்பார்கள். அதைக் குறையாகக் கருதத் தேவையில்லை.

துப்பாக்கியின் கதை சற்றே வேறு. பழைய விளையாட்டுகளில் தலையின் திசையும் குண்டு செல்லும் திசையும் ஒன்றே. கையில் பிடித்த கருவியால் குறிபார்க்க வேண்டுமானால், ஒரே கோணத்தை எதிர்பார்க்கும் நிரலுக்குக் கையின் கோணத்தைக் கொடுத்துவிட்டு, தலையின் கோணத்தைப் படம் வரையும் பகுதிக்கு மட்டும் தனியே கொடுக்க வேண்டியிருக்கிறது. வால்வ் நிறுவனம் 2013-இல் டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டை ஆக்குலஸுக்கு மாற்றியபோது, கையிலுள்ள துப்பாக்கி உலகத்திலிருந்து வேறுபட்ட பார்வைக் கோணத்தில் வரையப்படுவதும், ஆட்டக்காரர் கண்ணில் படாத பக்கங்கள் செதுக்கப்படாமலே விடப்பட்டிருப்பதும் வெளிப்பட்டன. திரையின் நடுவே மிதக்கும் குறிபார்க்கும் கூட்டல் அடையாளமும் இரு கண் பார்வையில் இரண்டாகத் தெரியும். ஆகவே அதை அணைத்துவிட்டு, குண்டு படும் தொலைவிலேயே ஒரு புள்ளியாக வரைய வேண்டும். உடல்நலம், தோட்டா எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் பலகையையும் மூக்கின்மேல் ஒட்டிவிடாமல், ஒன்றிரண்டு மீட்டர் தொலைவில் நிறுத்த வேண்டும்.

இவ்வளவையும் ஒரே தொகுப்பாகச் செய்து தருபவை தனி விளையாட்டுக்கென எழுதப்பட்ட மோட்களே. 2022 செப்டம்பரில் இலவசமாக வெளிவந்த ஹாஃப்-லைஃப் 2 விஆர் மோட் இவற்றில் தலையாயது; குவேக்கையும் முதல் ஹாஃப்-லைஃபையும் கணினி இல்லாமலே ஹெட்செட்டில் ஓடவைத்த டீம் பீஃப் குழுவின் பணியும் அதற்கு இணையானது. வோர்ப்எக்ஸ் போன்ற பொது மென்பொருள்கள் பல விளையாட்டுகளுக்குள் நுழைந்து காட்சியை இருமுறை வரைய முயல்கின்றன. அது இயலாதபோது ஒரு கண்ணின் படத்தையும் ஆழத் தகவலையும் கொண்டு மற்றதை ஊகித்து வரைவதால், பொருள்களின் ஓரங்களில் ஒளிவட்டம் போன்ற பிசிறு தெரியும். முதல்வகை மோட் கிடைக்கும் விளையாட்டுக்கு இரண்டாம் வகையை நாடுவது வீண்.

பழைய விளையாட்டுகளுக்கு ஒரு பெரும் சாதகமும் உண்டு. 320 புள்ளி அகலத்தில் 90 பாகையைக் காட்டிய குவேக், பாகைக்கு மூன்றரைப் புள்ளியோடு நிறைவடைந்தது. 2016-ஆம் ஆண்டின் ஹெட்செட்டே பாகைக்குப் பன்னிரண்டு புள்ளி அளவில் காட்டியது. புதிய விளையாட்டுகளைத் திணறவைக்கும் சாதாரணக் கணினியிலும் இவற்றை ஹெட்செட்டின் இயல்பளவைவிடக் கூடுதல் துல்லியத்தில் வரைந்து, விளிம்புகளை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏ முறையையும் நான்கு மடங்கில் வைத்து ஆட முடியும். கொட்டச்சேடு போன்ற உயரமான ஊர்களில் மார்கழி, தை மாதங்களில் ஆடுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: முகத்தின் வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டு ஆவி படிவதால் படம் மங்கும். மூக்குக் கண்ணாடி அணிவோர் இதை நன்கு அறிவர். ஆடுவதற்குச் சற்று முன்பே ஹெட்செட்டை இயக்கி வைத்துச் சூடேற விட்டால் இது நீங்கும். பகலில் லென்ஸில் நேர்வெயில் படும்படி ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்கக் கூடாது. வெயில் குவிந்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும்.

தொடங்க விரும்பும் வாசகர் விளையாட்டுக்கெனப் பணம் செலவிட வேண்டியதில்லை. குவேக், டூம் இரண்டின் முதல் அத்தியாயங்களும் ஷேர்வேர் என்ற பெயரில் இலவசமாகப் பகிரப்பட்டவை. ஹெட்செட் ஒன்று கிடைத்தால் போதும். நாற்காலியில் அமர்ந்து, குலுக்கங்களை அணைத்து, ஒரே கணத்தில் திரும்பும் அமைப்பை வைத்துக்கொண்டு, முதல் நாள் பத்து நிமிடம் மட்டும் ஆடுக. உடல் வியர்க்கத் தொடங்கிய உடனே கழற்றிவிடுக. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்பது தவறு, அதனால் வெறுப்பே மிஞ்சும். ஆடி முடித்ததும் சமநிலை சிறிது நேரம் தடுமாறலாம் என்பதால், உடனே வண்டி ஓட்டாமல் அரை மணி நேரம் பொறுத்துப் புறப்படுவது நல்லது.